டியூட்டி ரோஸ்டரில் தொடங்கும் சோர்வு

நாற்பது படுக்கை கொண்ட ஒரு பொது வார்டை எடுத்துக்கொள்வோம். இரவு டியூட்டியில் ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். 12 மணி நேர டியூட்டி, அதாவது 720 நிமிடம். அந்த இரவை நிமிடக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல் பார்க்க 4 நிமிடம். இரவில் இரண்டு முறை பார்த்தால் 40 பேருக்கு 320 நிமிடம். பாதிப் பேருக்கு நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. நள்ளிரவில் ஒரு டோஸ், விடியற்காலையில் ஒரு டோஸ். மருந்தைக் கலந்து, பெயரைச் சரிபார்த்து, மெதுவாக ஏற்ற ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 200 நிமிடம். கேஸ் ஷீட் எழுத ஆளுக்கு 3 நிமிடம், மொத்தம் 120. டியூட்டி ஏற்கும்போது அரை மணி, ஒப்படைக்கும்போது அரை மணி. கூட்டிப் பார்த்தால் 700 நிமிடம். மிச்சம் இருப்பது 20 நிமிடம்.

சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது எல்லாம் அந்த 20 நிமிடத்துக்குள். டிரிப் கழன்றுவிட்டது என்று கூப்பிடும் பாட்டி, இரண்டு மணிக்கு வரும் புது அட்மிஷன், மூச்சுத் திணறும் ஒருவர், இறந்துபோன ஒருவரின் குடும்பம், இவர்களுக்கும் அதே 20 நிமிடம்தான். ஒரு எமர்ஜென்சி வந்தாலே மற்றதெல்லாம் சரியும். அப்போது அந்த நர்ஸ் எதைச் செய்வது, எதை விடுவது என்று தனியாக முடிவெடுக்க வேண்டும். இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டிய பிரஷர் ஐந்து மணிக்குப் பார்க்கப்படும். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது யாராவது கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "ஏன் சிஸ்டர் இதை எழுதவில்லை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள்.

இந்தக் கணக்கை எவ்வளவு அர்ப்பணிப்பாலும் மாற்ற முடியாது. ஒருவருக்கு இருப்பது 720 நிமிடம்தான். மாதத்தில் எத்தனை இரவுகள் இப்படிப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு தாள். அதுதான் டியூட்டி ரோஸ்டர். மருத்துவமனை ஊழியர்களின் பர்ன்அவுட் (வேலை தரும் தீராத சோர்வு) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனதைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அந்தத் தாளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பர்ன்அவுட் என்ற பெயரை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். பகலில் தன் சொந்த கிளினிக், இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் என்று உழைத்த அவர், தன்னிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் கண்டதை 1974-இல் கட்டுரையாக எழுதினார். கலிஃபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். உலகம் முழுவதும் பெரும்பாலான ஆய்வுகள் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

அந்தப் படிவம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. முதலாவது, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இரண்டாவது, நோயாளியிடமிருந்து மனம் விலகிப்போவது. மூன்றாவது, நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். வெளியில் நிற்கும் நமக்குக் கண்ணில் படுவது இரண்டாவதுதான். "அந்த 12-ஆம் பெட்டு", "அந்த சுகர் கேஸ்" என்று மனிதர்கள் எண்ணாகவும் நோயாகவும் மாறுவது, எரிந்து விழுவது, கேட்ட கேள்விக்கு முகம் பார்க்காமல் பதில் வருவது. அரசு மருத்துவமனைக்குப் போய்வந்த எல்லோரிடமும் இப்படி ஒரு அனுபவம் இருக்கும். அந்த வலி நியாயமானது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அதே நர்ஸ் எப்படிப் பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தது. சேர்த்த விதம் கவனிக்க வேண்டியது. அதை ஒரு நோயாகச் சொல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிகழ்வாகவே சொன்னது. வேலையிடத்தில் நீடிக்கும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் போவதால் வருவது என்பது அதன் விளக்கம். அப்படியென்றால் முதலில் பரிசோதிக்க வேண்டியது வேலையிடத்தை.

நர்ஸ்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா அய்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் எண்களோடு காட்டினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்கள், அறுவை சிகிச்சைக்கு வந்த 2,32,000-க்கும் அதிகமான நோயாளிகள். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அந்த நர்ஸுக்குப் பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. நர்ஸின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே எண்ணைச் சார்ந்திருக்கின்றன. அதனால் இதை ஊழியர் நலன் என்ற தலைப்பில் தனியாக ஒதுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இது நோயாளியின் பிரச்சினையும்கூட.

நம் ஊரில் விதி இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை. மேலே சொன்ன 40 படுக்கை வார்டுக்கு இரண்டாவது கணக்கை ஒவ்வொரு ஷிப்டுக்கும் போட்டால் ஒரு ஷிப்டுக்கு 8 பேர், மூன்று ஷிப்டுக்கு 24 பேர். இதோடு நிற்கவில்லை. விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக 30 சதவீதம் கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொல்கிறது. ஆக 31 பேர்.

எல்லோரும் நர்ஸ்–நோயாளி விகிதத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த 30 சதவீதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் ஒரு வார்டின் மனநிலையைக் கெடுப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. பதிலாள் இல்லாத ரோஸ்டரில் ஒருவரின் லீவ் இன்னொருவரின் டபுள் டியூட்டியாக மாறும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் போன் செய்தால், இரவு முழுக்க நின்றவர் காலையிலும் நிற்க வேண்டும். வாராந்திர ஆஃப் கடைசி நிமிடத்தில் ரத்தாகும். "போன தடவை நான் பார்த்தேன், இந்தத் தடவை அவள் பார்க்கட்டும்" என்ற பேச்சு வரும். மகப்பேறு விடுப்பில் போகிறவரைப் பார்த்து முணுமுணுப்பு வரும். சட்டம் தந்த 26 வார விடுப்பை எடுப்பவர் கூட வேலை செய்பவர்களுக்குக் குற்றவாளியாகத் தெரிவார். காலியிடத்தை நிரப்பாதது நிர்வாகம். சண்டை போட்டுக்கொள்வது இரண்டு ஊழியர்கள். கூட இருப்பவர்களின் தோள்தான் இந்த வேலையைத் தாங்க வைப்பது. பதிலாள் இல்லாத ரோஸ்டர் முதலில் அதைத்தான் பறிக்கிறது.

அடுத்து, வேலை நிலையில்லாமல் இருப்பது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்று எதிர்பார்த்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தொகை பிறகு படிப்படியாக உயர்ந்தது. ஆனால் ஒரே வார்டில், ஒரே வேலையை, பல மடங்கு வேறுபட்ட சம்பளத்தில் இருவர் செய்யும் நிலை தொடர்ந்தது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்ற முழக்கம் வந்தது அங்கிருந்துதான். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. தொற்று உச்சத்தில் இருந்தபோது கவச உடைக்குள் மணிக்கணக்கில் நின்றவர்கள் புத்தாண்டில் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது.

தனியார் துறையிலும் இதே கதைதான். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைக்கப்பட்ட மத்திய அரசுக் குழு ஒன்று 2016-இல் சம்பள வரையறையைப் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சிறு நகரத்து நர்சிங் ஹோமில் வேலை செய்யும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்தப் பரிந்துரை எங்கே நிற்கிறது என்று தெரியும். சில இடங்களில் அசல் சான்றிதழைக் கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேலையை விட்டுப் போகவும் வழியில்லாதபோது, மனம் மட்டும் முதலில் வேலையை விட்டுப் போய்விடும்.

டாக்டர்கள் பக்கம் வருவோம். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), பி.ஜி. (முதுநிலை மாணவர்) என்றாலே 24 மணி நேர டியூட்டி, அது முடிந்ததும் வழக்கமான வார்டு வேலை, ஆகமொத்தம் 36 மணி நேரம் என்பது பல மருத்துவக் கல்லூரிகளில் பழகிப்போன விஷயம். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். மத்திய அரசு 1992 ஜூனில் வெளியிட்ட ரெசிடென்சி திட்ட உத்தரவு, வாரம் 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை விதிமுறைகளில் எண் காணாமல் போய், "நியாயமான வேலை நேரம்" என்ற சொல் வந்தது. நியாயமானது எது என்று துறைத் தலைவரிடம் ஒரு முதலாண்டு மாணவர் வாதிட முடியுமா? மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காக அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் ஓய்வு கட்டாயம் என்றது. 32 ஆண்டுகளுக்கு முந்தைய உத்தரவைவிட இது 26 மணி நேரம் அதிகம். இருந்தும் அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் நிலையில்தான் பல மாணவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற நாடுகளிலும் இது தானாக மாறவில்லை. 1984-இல் நியூயார்க்கில் லிபி சையான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். ஏராளமான நோயாளிகளை ஒரே இரவில் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்களின் பொறுப்பில் அவர் இருந்தார். பத்திரிகையாளரான அவருடைய தந்தை விடாமல் போராடினார். 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதற்குமான பயிற்சி விதியானது. இங்கிலாந்தில் ஐரோப்பிய விதிப்படி 2009-இல் ஜூனியர் டாக்டர்களின் வேலை நேரம் வாரம் சராசரியாக 48 மணி நேரமாகக் குறைந்தது.

வேலை நேரத்துக்கு அப்புறம் எழுத்து வேலை. அமெரிக்காவில் 57 டாக்டர்களைப் பக்கத்தில் நின்று கவனித்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், நோயாளியோடு ஒரு மணி நேரம் செலவிட்டால் கணினியிலும் காகிதத்திலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று தெரிந்தது. ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் இதற்கு எளிமையான ஒரு வேலை செய்தது. 2017 அக்டோபரில் ஊழியர்களிடம், கணினிப் பதிவில் உங்களுக்கு அர்த்தமில்லாமல் படுவது எது என்று சொல்லச் சொன்னது. பச்சிளம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நர்ஸ், டயப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று கிளிக் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். குழந்தைக்குச் சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறதா இல்லையா என்று கணினி கேட்டுக்கொண்டிருந்ததாம்! இன்னொரு பதிவு, நோயாளியை மணிக்கொரு முறை பார்த்ததற்கான கிளிக். ஒன்றுக்கு 24 விநாடிதான். நான்கு மருத்துவமனைகளில் கூட்டிப் பார்த்தால் மாதம் சுமார் 1,700 நர்ஸ் மணி நேரம் அதற்கே போய்க்கொண்டிருந்தது. தூக்கிவிட்டார்கள்.

நம் கிராமங்களில் நர்சம்மா என்று அழைக்கப்படும் கிராம சுகாதார செவிலியர் இதை நன்றாகப் புரிந்துகொள்வார். சமவெளியில் ஐந்தாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர் வேலை. இவை ஒவ்வொன்றும் பதிவேட்டிலும் ஏற வேண்டும், 2008 முதல் உள்ள பிக்மி இணையதளத்திலும் ஏற வேண்டும். பிக்மி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; ஒவ்வொரு கர்ப்பிணியையும் விட்டுவிடாமல் தொடர உதவும் ஏற்பாடு அது. ஆனால் களத்தில் பகல் முழுக்க நடந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, நெட் கிடைக்கும்வரை காத்திருந்து பதிவேற்றும் நேரம் யாருடைய டியூட்டிக் கணக்கிலும் வருவதில்லை. மாதக் கூட்டத்தில் விட்டுப்போன பதிவுகளின் எண்ணிக்கை வாசிக்கப்படும். நடந்த தூரம் வாசிக்கப்படாது.

மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பது தனி விஷயம். அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையில் ஏறக்குறைய 2,800 டாக்டர்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நேரடி மேலதிகாரிக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மரியாதையாக நடத்துகிறாரா, நடப்பதைச் சொல்கிறாரா, என் கருத்தைக் கேட்கிறாரா, நன்றாகச் செய்தால் பாராட்டுகிறாரா என்ற மாதிரியான கேள்விகள். அந்த மதிப்பெண் ஒரு புள்ளி உயர்ந்தாலே, அவருக்குக் கீழே இருப்பவருக்குப் பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைந்தது. இதற்கெல்லாம் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை.

நம் மருத்துவமனைகளில் நிர்வாகத்தின் குரல் ஊழியர்களுக்கு எப்படிக் கேட்கிறது? பெரும்பாலும் மெமோவாக. தவறு நடந்தால் முதல் கேள்வி "யார் டியூட்டி?" என்பதாகத்தான் இருக்கும். ஏன் நடந்தது என்று கேட்பதற்குள் விளக்கக் கடிதம் வாங்கப்பட்டிருக்கும். ஒரே மாதிரியான இரண்டு மருந்துக் குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் நடந்த தவறு, குப்பிகள் அதே இடத்தில் இருக்கும்வரை திரும்பவும் நடக்கும். மெமோ வாங்கியவர் அடுத்த தவறை வெளியில் சொல்ல மாட்டார். 2019 அக்டோபரில் தமிழக அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள் வேண்டும் என்பது. முன்னின்றவர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். அந்த இடமாற்ற உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் ரத்து செய்தது. ஆள் போதவில்லை என்று சொன்னவரை வேறு ஊருக்கு அனுப்பினால், மற்றவர்கள் ஆள் போதவில்லை என்று சொல்வதை நிறுத்துவார்கள். வார்டில் ஆள் கூடியிருக்காது.

இந்த இடத்தில்தான் யோகா வகுப்புகளும் மன அழுத்த மேலாண்மைக் கருத்தரங்குகளும் வருகின்றன. யோகா நல்லதுதான். ஆனால் இரவு டியூட்டி முடித்தவரை இன்னும் ஒரு மணி நேரம் இருந்து மூச்சுப்பயிற்சி செய்துவிட்டுப் போகச் சொல்வது அவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கும் ஒரு மணி நேரம். டாக்டர்களின் பர்ன்அவுட்டைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தனிநபருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட வேலை முறையை மாற்றும் முயற்சிகளே அதிகம் பலன் தருவதாகக் கண்டது. மாயோ கிளினிக் இன்னொரு சோதனையில் டாக்டர்களைச் சிறு குழுக்களாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடிப் பேச வைத்தது. அது ஓரளவு பலன் தந்தது. அங்கே அந்த ஒரு மணி நேரத்தை நிர்வாகம் தன் வேலை நேரத்திலிருந்து கொடுத்தது. வித்தியாசம் அங்கேதான்.

ஒரு டீனோ நர்சிங் சூப்பிரண்டெண்டோ அரசாணைக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. ரோஸ்டரை மாதத் தொடக்கத்துக்கு முன்பே ஒட்டுவது, இரவு டியூட்டிக்கு அடுத்த நாளை உண்மையான ஓய்வாக விடுவது, நோயாளியை நகர்த்தவும் ரத்த மாதிரியை எடுத்துப் போகவும் நர்ஸை அனுப்பாமல் உதவியாளரை அனுப்புவது, பெண் ஊழியர்களுக்குப் பூட்டக்கூடிய ஓய்வறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் தருவது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. பெண்கள் பெரும்பான்மையாக வேலை செய்யும் மருத்துவமனையில் அது ஏன் இல்லை என்று கேட்கவும் ஒரு டீனால் முடியும்.

ஆள் எண்ணிக்கையை மட்டும் அவரால் மாற்ற முடியாது. அது அரசின் கையில் இருக்கிறது. செலவு தாங்காது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் 4 நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சட்டப்படி வரையறுத்தது. பலனை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். இறப்பு குறைந்திருந்தது, வீட்டுக்குப் போனவர்கள் திரும்ப அட்மிட் ஆவது குறைந்திருந்தது, படுக்கையில் கிடக்கும் நாட்களும் குறைந்திருந்தன. இவற்றால் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004-இல் நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000-இல் நர்ஸ் சங்கம் ஒப்பந்தமாகப் போராடிப் பெற்ற விகிதம் 2015-இல் சட்டமானது.

இங்கே நர்சிங் கவுன்சிலின் விகிதம் பரிந்துரையாக மட்டும் நிற்கிறது. சட்டமாவதற்குக் காலம் பிடிக்கும். அதற்கு முன்னால் செய்ய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது சுகாதாரத் துறை சட்டப்பேரவையில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. அதில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இரவு ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லிச் சங்கங்களும் உறுப்பினர்களும் நோயாளிகளாகிய நாமும் கேட்க வேண்டும். அந்த எண் எல்லா நர்சிங் சூப்பிரண்டெண்ட்களின் மேஜையிலும் ஏற்கெனவே இருக்கிறது.